ஆதவன் வரும்வரை

தன் உயிலுக்கு ஒரு நிறைவேற்றுநரைத் தேர்ந்தெடுக்க ஜெகதீசன் மூன்று பேரை வீட்டுக்கு வரவழைத்துப் பார்த்தார். மூன்றாவதாக வந்தவள் செவ்வந்தி. முதல் இரண்டு பேருக்கும் காபிகூடக் கிடைக்கவில்லை என்று அலுவலகத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால் பொன்மலையில் அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, ஆவி பறக்க ஒரு டம்ளர் கைக்கு வந்தபோது, இந்த வேலை தனக்குத்தான் என்று அவளுக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. மீதிப் பாதி அவளுக்கு எந்த விஷயத்திலும் வருவதில்லை.

ஜெகதீசன் ரயில்வே பணிமனையில் ஃபோர்மனாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்தொன்று. நுரையீரல் நாலைந்து மாதத்துக்கு மேல் தாங்காது என்று மருத்துவர்கள் நாள் குறித்துவிட்டார்கள். மனைவி காரைக்குடியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்ததால் காபியை அவரே போட்டிருந்தார்.

"உங்க ஆபீஸ்லேர்ந்து முந்தாநாள் ஒருத்தன் வந்தான். தமீம்னு. கெட்டிக்காரன்தான். வாய்தான் சரியில்ல."

"மன்னிச்சுக்குங்க சார். அவர் எதையும் பட்டுனு கேட்டுருவார்."

"நீ எப்படி?"

"நான் கேக்கறதுக்கு முன்னாடி நாலு தடவை யோசிப்பேன் சார். அதையும் எங்க ஆபீஸ்ல குறையாத்தான் சொல்றாங்க."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி அடங்க இரண்டு நிமிடம் ஆனது.

"சரி, எனக்கு ஒண்ணு விளங்கல. ஒரு வக்கீலை வச்சா போதாதான்னு என் தம்பி கேக்கறான். நீங்க என்னமோ தலையில ஏத்திக்கறீங்களாமே?"

இந்தக் கேள்விக்குச் செவ்வந்தி பதிலை ஒழுங்காகத் தயார் செய்து வைத்திருந்தாள். "வக்கீலுக்கு உங்க உயில் ஒரு ஃபைல் சார். எங்களுக்கு அது சொந்த ஆசை. எங்க ஆபீஸ்ல ஒரு எந்திரத்துக்கு முன்னாடி உட்கார்ந்து நீங்க உயிலை வரி வரியா படிப்பீங்க. படிக்கறப்ப மனசு எதை நாடுதோ அது பதிவாகும். உங்க காலத்துக்கு அப்புறம் அதை என் மூளையில ஏத்துவாங்க. நினைவு எதுவும் வராது. நீங்க என்ன சாப்பிட்டீங்க, யாரோட சண்டை போட்டீங்க, ஒண்ணும் எனக்குத் தெரியாது. ஆசை மட்டும் வரும்."

"பேய் புடிச்ச மாதிரி."

"தெருவுல எங்களை ஆவி வக்கீல்னுதான் சொல்றாங்க."

"முடிஞ்சதும் எடுத்துருவாங்களா?"

"எடுக்க முடியாது சார். எடுக்க முடிஞ்சா, எதிராளிகிட்ட காசு வாங்கிட்டு நாங்களே எடுத்துப் போட்டுருவோமே? ஆசை நிறைவேறினா தானா கரைஞ்சுரும். தாகத்துக்குத் தண்ணி குடிச்சா அடங்குதுல்ல, அது மாதிரி."

"நிறைவேறாட்டி?"

"நிறைவேறாததை எழுத விடமாட்டோம். அதுக்குத்தான் இந்தக் கேள்வித்தாள்."

கேள்வித்தாளில் நாற்பத்தெட்டு கேள்விகள். செவ்வந்தி ஒவ்வொன்றாகக் கேட்டு, பதிலை எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டி, அவர் தலையசைத்த பிறகே அடுத்ததற்குப் போனாள். உயிலில் மொத்தம் மூன்றே அம்சங்கள். அவருடைய கருவிப் பெட்டி தொழிற்பயிற்சிப் பள்ளிக்குப் போக வேண்டும். கைக்கடிகாரம் தம்பிக்கு. வீடு மகன் ஆதவனுக்கு. அவன் வரும்வரை அதை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்து, வந்ததும் ஒப்படைக்க வேண்டும்.

முப்பத்திரண்டாவது கேள்வி வந்தது. 'சொத்தைப் பெறுபவர் உயிருடன் இருக்கிறாரா?'

தமீம் இந்தக் கேள்வியை அச்சில் இருந்தபடியே கேட்டிருந்தான். ஜெகதீசன் உடனே அவனை எழுந்து போகச் சொல்லிவிட்டார். அலுவலகத்தை நடத்தும் பெனடிக்ட் அவனை எல்லோர் முன்னாலும் பிடித்துக் காய்ச்சினார். "பெத்தவன்கிட்ட அவன் வீட்லயே உட்கார்ந்துகிட்டு, உன் புள்ள உசுரோட இருக்கானான்னு கேப்பியா? நாக்குல சனியா உனக்கு?" செவ்வந்திக்கும் அது சரியாகவே பட்டது. அப்படி ஒரு கேள்வியை யாரால் கேட்க முடியும்? பேனாவை ஒரு முறை மூடித் திறந்தாள்.

"ஆதவன் சார் நல்லா இருக்காரா?"

ஜெகதீசன் அவளை முதல் முறையாகப் பார்ப்பவர்போல உற்றுப் பார்த்தார்.

"நல்லா இருப்பான்" என்றார்.

அவள் 'ஆம்' கட்டத்தில் டிக் செய்தாள்.

"எங்க வேலை பார்க்கறார்?"

"ராஜஸ்தான் பக்கம் போனான். சூரியத் தகடு மாட்டற வேலை. விலாசம் தேவையில்ல. வந்தா இங்கதானே வருவான்?"

பிறகு அவர் கேட்கத் தொடங்கினார். ஒரு வேலையைப் பாதியில் விட்டால் அவளுக்குத் தூக்கம் வருமா? வராது சார், அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தடவை எழுந்து பார்ப்பேன் என்றாள். கல்யாணம்? இன்னும் இல்லை. சாயங்கால வகுப்பில் சட்டம் படிக்கிறாள், ஜூனில் கடைசிப் பரீட்சை. தேறிவிட்டால் இந்த வேலையை விட்டுவிடுவாள். மற்றவர்கள் ஆசையைச் சுமந்து சுமந்து, தனக்கு எது பிடிக்கும் என்பதே இரண்டு வருடமாக மறந்துபோயிருக்கிறது.

"உங்களோடதுதான் சார் கடைசி. இது கரைஞ்சதும் நான் நானா இருக்கப் போறேன்."

ஜெகதீசன் டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தார். "உன்னைப் பார்த்தா பாவமாத்தான் இருக்கு" என்றார். "ஆனா நீதான் சரியான ஆளு."

நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டு அவள் பேருந்து ஏறினாள்.

மே மாதத்தில் ஜெகதீசன் இறந்துபோனார். செவ்வந்தி மாலை வாங்கிக்கொண்டு போனாள். கொள்ளி வைத்தது தம்பி மகன். மகனைக் காணவில்லையே என்று அவளுக்குத் தோன்றியது. ராஜஸ்தானிலிருந்து வர நேரமாகியிருக்கும். துக்க வீட்டில் போய் அதைக் கேட்பதா?

மறுநாள் காலை அலுவலகத்தில், அவர் பதிவு செய்துவிட்டுப் போயிருந்ததை அவள் தலையில் ஏற்றினார்கள். முப்பது நிமிட வேலை, வலி கிடையாது. எழுந்து உட்கார்ந்தபோது கருவிப் பெட்டியை நினைத்து மனம் பதறியது. மழையில் விட்டுவிட்டு வந்த குழந்தையைப் போல. அன்றைக்கே அதைத் தொழிற்பயிற்சிப் பள்ளியில் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒரு மாணவன் ஸ்பேனரைக் கையில் எடுத்துப் பார்த்த கணத்தில், காதில் அடைத்திருந்த தண்ணீர் இளஞ்சூடாக வழிந்து போவதுபோல அது போய்விட்டது. கடிகாரமும் அப்படித்தான். தம்பி அதைக் கட்டிக்கொண்டு "நேரம் சரியா காட்டுதே" என்றதும் கரைந்தது.

மிச்சம் இருந்தது மூன்றாவது. அது மற்ற இரண்டைப்போல உறுத்தவில்லை. நிதானமாக, ஆழமாக, நெடுநாள் குடியிருப்பவரைப்போல உட்கார்ந்திருந்தது. பேருந்தில் போகும்போது முன் இருக்கையில் யாருடைய பின்னந்தலையாவது தெரிந்தால் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. வருவான், வந்ததும் முடிந்துவிடும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று காத்திருந்து, பதினேழாம் நாள் காலை பொன்மலைக்குப் போனாள். ஜெகதீசனின் மனைவி உமாமகேஸ்வரி கதவைத் திறந்தாள். அறுபத்தைந்து வயதிருக்கும், சின்ன உருவம், கணீரென்ற குரல்.

"ஆபீஸ் பொண்ணுதானே? வா கண்ணு. வீட்டுப் பேப்பர்ல கையெழுத்து போடத்தானே வந்தே? நல்லதாப் போச்சு. ஆள் பார்த்து வச்சுட்டேன், வித்துட்டுக் காரைக்குடி போயிடறேன். தங்கச்சி மாடியில ரூமே ஒழிச்சு வச்சுட்டா."

செவ்வந்திக்குள் எதுவோ கதவைப் பிடித்துக்கொண்டது. "விக்கறதா? வீடு ஆதவன் சாருக்கு எழுதியிருக்கும்மா. அவர் நம்பர் குடுங்க, நான் பேசறேன்."

நாற்காலியை இழுத்துப் போட நீண்ட உமாமகேஸ்வரியின் கை பாதி வழியில் நின்றது. "யாருக்கு?"

"உங்க மகனுக்கு."

"அவன் போய் ஒம்பது வருஷம் ஆச்சேம்மா."

"ஆமாம்மா, தெரியும். ராஜஸ்தான்தானே?"

உமாமகேஸ்வரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தாள். ஆதவன், வயது இருபத்தேழு, வெயில் தாக்கத்தால் மரணம். விண்ணப்பித்தவர் ஜெகதீசன், தந்தை. கையெழுத்து உயிலில் இருந்த அதே கையெழுத்து.

"ஃப்ளைட்ல பெட்டியில வச்சு அனுப்பினாங்க. திறக்காதீங்கன்னாங்க. இவருதான் திறக்கச் சொல்லிப் பார்த்தாரு. இவருதான் கொள்ளி வச்சாரு. எல்லாம் பண்ணிட்டு வீட்டுக்கு வந்து குளிச்சுட்டு, 'அவன் வந்தா சாப்பிடுவான், சோத்தை மூடி வை'ன்னாரு. அன்னிலேர்ந்து அப்படித்தான். மாலை போட்டு ஒரு படம் மாட்ட விடல. திதி குடுக்க விடல. வருஷா வருஷம் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு நான் அங்க போய்த்தான் குடுத்துட்டு வருவேன்."

செவ்வந்தி தாளை இரண்டு முறை படித்தாள். பதிவு எண், முத்திரை, தேதி, எல்லாம் சரியாக இருந்தன. ஆள் இல்லை. ஆள் இல்லை என்றால் ஆசைக்கும் இடமில்லை. இப்போது கரைய வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

தெருமுனையில் ஒரு ஆட்டோ திரும்பும் சத்தம் கேட்டது. தாள் மடியிலிருந்து விழ, அவள் எழுந்து வாசலுக்கு ஓடியிருந்தாள்.

ஆட்டோ நிற்காமல் போனது. திரும்பிப் பார்த்தபோது உமாமகேஸ்வரி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"ஐயோ" என்றாள். "அவரேதான்."

அலுவலகத்தில் பெனடிக்ட் கேள்வித்தாளை மேசையில் விரித்துவைத்து முப்பத்திரண்டாவது வரியின்மேல் விரலை ஊன்றினார். 'பெனடிக்ட் அண்ட் சன்ஸ்' என்பது அலுவலகத்தின் பெயர். மகன்கள் யாரும் கிடையாது. பெயர் எடுப்பாக இருக்கட்டும் என்று வைத்தது. தமீம் சுவரில் சாய்ந்து நின்றான்.

"இல்லைன்னோ தெரியாதுன்னோ போட்டிருந்தா கம்ப்யூட்டர் தானா இறப்புப் பதிவேட்டைப் பார்த்திருக்கும். நீ ஆம்னு போட்டுட்டே. என்னம்மா கேட்டே அவர்கிட்ட?"

"நல்லா இருக்காரான்னு கேட்டேன் சார்."

"அவர் என்ன சொன்னார்?"

"நல்லா இருப்பான்னு."

பெனடிக்ட் கண்ணாடியைக் கழற்றினார். "இருக்கான்னு சொல்லல."

"இல்ல சார்."

"இருப்பான்னு சொன்னார். அது பொய் இல்ல. யாரைக் கேட்டாலும், எங்க இருந்தாலும் நல்லா இருப்பான்னுதான் சொல்லுவாங்க. செத்தவனையும் சேர்த்து."

அந்தக் கூடத்தில் ஜெகதீசன் தன்னை உற்றுப் பார்த்த பார்வைக்கு இப்போதுதான் செவ்வந்திக்குப் பொருள் விளங்கியது. தமீமை அந்தக் கேள்விக்காகத் துரத்தியிருந்தார். அவளை அந்தக் கேள்விக்காகவே எடுத்துக்கொண்டார். அவருக்கு வேண்டியிருந்தது நேராகக் கேட்காத ஒரு ஆள். பாதியில் விட்டால் தூக்கம் வராத ஒரு ஆள்.

"சர்ட்டிபிகேட்டை என் கண்ணால பார்த்துட்டேன் சார். ஏன் கரையல?"

"வேற யாரோட ஆசையா இருந்தாலும் கரைஞ்சிருக்கும்" என்றார் பெனடிக்ட். "அவர் பெட்டியைத் திறந்து பார்த்தவரு. அதைத் தாண்டியும் ஒம்பது வருஷம் நின்ன ஆசைம்மா இது. ஒரு தாளைக் காட்டினா இதுக்கு என்ன? தான் போனா அவனுக்காகக் காத்திருக்க ஆளில்லைன்னு நினைச்சிருக்கார். உயில் எழுதினதே அதுக்காகத்தான்."

"அந்தம்மா வீட்டை விக்கணும்கறாங்க."

"சட்டப்படி அந்த அம்சம் செல்லாது. செல்லாதுன்னு நிறைவேற்றுநர் கையெழுத்து போட்டா அன்னிக்கே விக்கலாம். போடறியா?"

படிவத்தை நகர்த்தினார். செவ்வந்தி பேனாவை எடுத்தாள். தன் பெயர்தான், ஐந்து எழுத்து. பேனா முனை தாளைத் தொட்டபோது, பசியோடு வந்து கதவைத் தட்டும் ஒருவனின் முகத்தில் அறைவதுபோல இருந்தது. பேனாவை வைத்துவிட்டாள். மறுபடி எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"கோர்ட்டுக்குப் போய் ஆளை மாத்தலாம்" என்றான் தமீம் மெதுவாக. "நாலு வருஷம் இழுக்கும். வீடு கைக்கு வரும். இவ தலையில இருக்கறது அப்பவும் இருக்கும்."

ஜூன் வந்தது. பரீட்சை சாயங்காலங்களில் நடந்தது. ஆதவன் ஊருக்கு வந்ததெல்லாம் சாயங்கால ரயிலில்தான் என்று உமாமகேஸ்வரி ஒரு முறை சொல்லிவிட்டதால் ஐந்தரை மணிக்கு மேல் செவ்வந்தியால் பொன்மலையை விட்டு வேறெங்கும் இருக்க முடியவில்லை. முதல் நாள் தேர்வு மண்டபம்வரை போனாள். கேள்வித்தாளைக் கொடுக்கும் முன்பே எழுந்து ஓடிவந்துவிட்டாள். இரண்டாம் நாள் கிளம்பவே இல்லை.

உமாமகேஸ்வரி முதலில் திட்டினாள். "செத்தும் விடமாட்டேங்கறாரே மனுஷன். எங்கேருந்து புடிச்சுட்டு வந்தாரு உன்னை? மீசை ஒண்ணுதான் உனக்கு இல்ல." வீடு பார்க்க வந்தவர்களைச் செவ்வந்தி வாசலோடு திருப்பி அனுப்பியபோது இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள், நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தவள் பக்கத்தில் ஒரு தட்டில் உப்புமாவைக் கொண்டுவந்து வைத்தாள்.

"சாப்பிடு. உன்மேல கோபப்பட்டு என்ன பண்றது? உனக்கும் பெத்தவ ஒருத்தி இருப்பாள்ல?"

"நீங்க ஒரு தடவைகூட வாசலைப் பார்க்கலயேம்மா" என்றாள் செவ்வந்தி. "உங்களுக்கு வரணும்னு தோணலியா?"

"எனக்குத்தான் தெரியுமே, வரமாட்டான்னு. நான் அழுது முடிச்சுட்டேன் கண்ணு. காரைக்குடிக் குளத்தங்கரையில வருஷத்துக்கு ஒரு நாள்னு ஒம்பது நாள் அழுதேன், முடிஞ்சுபோச்சு. வாசலைப் பார்க்கறவர் ஒருத்தர் வீட்ல இருந்தாரு. அதனால நான் பார்க்க வேண்டியதில்லாம போச்சு."

ஆகஸ்டில் ஒரு நாள் காலை பெனடிக்டும் தமீமும் சேர்ந்து வந்தார்கள். தமீம் தாடியை எடுத்திருந்தான். ஆளே இளைத்துத் தெரிந்தான்.

"ஒரு வழி இருக்கு" என்றார் பெனடிக்ட். "புத்தகத்துல இல்லாத வழி. வடக்க ஒரு கேஸ்ல பண்ணியிருக்காங்க. உள்ள இருக்கற ஆசைக்கு நியாயம் தெரியாது, காட்சிதான் தெரியும். சினிமாவுல ஒருத்தி அழுதா நாமளும் அழறோம், அவ நடிக்கறான்னு தெரியாமலா அழறோம்? ஆதவன் வரணும்னு கேக்குது. ஆதவன் வரட்டும்."

செவ்வந்தி தமீமைப் பார்த்தாள். "அண்ணே, நீங்களா?"

"அன்னிக்கு நான் இன்னும் ஒரு தடவை அழுத்திக் கேட்டிருந்தா நீ இந்த நாற்காலியில இருக்க மாட்டே. வயசும் ஏறக்குறைய ஒண்ணு, உயரமும் ஒண்ணு. தாடியைத்தான் பறிகொடுத்தேன். எங்கம்மாவே வாசல்ல நிறுத்தி யாருப்பான்னு கேட்டுச்சு."

"பொய்னு எனக்குத் தெரியுமே? தெரிஞ்சா எப்படி நடக்கும்?"

"செத்தது தெரிஞ்சும் இது போகலையே" என்றார் பெனடிக்ட். "பொய்னு தெரிஞ்சும் போகலாம்ல? ஆனா கதவைத் திறந்து கூப்பிடறது பெத்த தாயா இருக்கணும். ஜெகதீசன் நினைச்சிருந்த காட்சி அதாத்தான் இருக்கும்."

எல்லோரும் உமாமகேஸ்வரியைப் பார்த்தார்கள். அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு நடிக்கத் தெரியாதுப்பா."

"ரெண்டு வார்த்தைம்மா."

"ஒரு தடவைதானே?"

"ஒரே தடவை."

அவள் செவ்வந்தியின் முகத்தைப் பார்த்தாள். மூன்று மாதத்தில் கண்ணுக்குக் கீழே விழுந்திருந்த கருவளையத்தைப் பார்த்தாள். "சரி. இந்தப் பொண்ணு போய் பரீட்சை எழுதட்டும்" என்றாள். உள்ளே போய், ஒரு கட்டம்போட்ட சட்டையைத் தேடி எடுத்துவந்து தமீமிடம் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. செவ்வந்தி கூடத்தில் நின்றாள். வருவது தமீம் அண்ணன், சட்டை பழையது, பையில் அலுவலகக் காகிதம் அடைத்திருக்கிறது என்று தனக்குள் வரிசையாகச் சொல்லிக்கொண்டாள்.

கதவு தட்டப்பட்டது. உமாமகேஸ்வரி போய்த் திறந்தாள். விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கட்டம்போட்ட சட்டை நின்றது.

அவள் சொல்ல வேண்டிய இரண்டு வார்த்தையை மறந்துவிட்டாள் என்று செவ்வந்தி பயந்தாள்.

"அம்மா" என்றான் தமீம்.

"வாடா" என்றாள் உமாமகேஸ்வரி. "என்னடா இப்படி எளைச்சுப்போயிட்டே?"

அது பேசிவைத்ததில் இல்லை. தமீம் ஒரு கணம் தடுமாறினான். "பசிக்குதும்மா" என்றான்.

"கையைக் கழுவிட்டு வா."

இலை போட்டாள். பெனடிக்ட் சாப்பாட்டைப் பற்றி எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் அடுப்படியில் சோறும், கத்தரிக்காய்க் குழம்பும், ரசமும், வறுவலும் தயாராக இருந்தன. தமீம் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அவன் முதல் கவளத்தை எடுத்து வாயில் வைத்ததைச் செவ்வந்தி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது போயிற்று.

எந்தச் சத்தமும் இல்லை. கூடம் கூடமாக இருந்தது. சுவரில் காரை பெயர்ந்திருந்தது, மூலையில் ஒட்டடை தொங்கியது. இத்தனை நாள் காத்து நின்றது இந்த வீட்டையா என்று வியப்பாக இருந்தது. தெருவில் இன்னொரு ஆட்டோ போனது, அவளுக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. யாரும் பார்க்காமல் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பையிலிருந்து படிவத்தை எடுத்து, ஜன்னல் மேடையில் வைத்து, ஐந்து எழுத்தையும் ஒரே இழுப்பில் எழுதினாள். தேதி போட்டாள். சரிபார்த்தாள்.

தமீம் அவளையே கவனித்துக்கொண்டிருந்தான். அவள் தலையை அசைத்ததும் புரிந்துகொண்டு, ரசம் சோறு முடிந்த கையோடு எழுந்துவிட்டான். வெளியே ஆட்டோ காத்திருந்தது. கை கழுவி, பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தான். இந்த ஊரில் சாப்பிட்ட வீட்டிலிருந்து கிளம்புகிற யாரும் சொல்வதை அவனும் சொன்னான்.

"அப்ப வரேம்மா."

"சரிப்பா" என்றாள் உமாமகேஸ்வரி.

ஆட்டோ தெருமுனை திரும்பியது. அவள் உள்ளே வரவில்லை. செவ்வந்தி படிவத்தை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"அம்மா, முடிஞ்சுபோச்சு. கரைஞ்சுருச்சு. கையெழுத்து போட்டுட்டேன். நாளைக்கே நீங்க ஆளை வரச்சொல்லலாம்."

"அப்படியா, நல்லதும்மா" என்றாள் அவள். தாளை வாங்கவில்லை. "மோருக்கு உட்காரலயே அவன்."

"யாரு?"

"பாதியில எழுந்துட்டான். மோர் மிளகா வறுத்து வச்சிருந்தேன், கேக்கவே இல்ல. அடுத்த தடவை மோர் ஊத்தித்தான் விடணும்."

"அம்மா, அது தமீம் அண்ணன்."

"தெரியும் கண்ணு. எனக்குத் தெரியாதா? நல்ல புள்ள." கண் தெருமுனையிலேயே இருந்தது. "வரேன்னுதானே சொல்லிட்டுப் போனான்?"

செவ்வந்தி அவள் முகத்தைப் பார்த்தாள். மூன்று மாதம் உள்ளேயிருந்து அறிந்த ஒன்றை இப்போது வெளியே நின்று பார்த்தாள். இதை யாரும் எந்திரத்தில் ஏற்றியிருக்கவில்லை. ஏற்றாததைக் கரைக்க என்ன வழி என்று பெனடிக்டின் புத்தகத்திலும் இருக்காது, புத்தகத்துக்கு வெளியிலும் இருக்காது. அழுது முடித்தவளிடம் போய் இரண்டு வார்த்தை கேட்டது யார் என்று எண்ணிப் பார்த்தாள். அந்த வரிசையில் தன் பெயரும் இருந்தது.

"வீடு பார்க்க வர்றவங்ககிட்ட நான் பேசட்டுமாம்மா? காரைக்குடியில ரூம் ஒழிச்சு வச்சிருக்காங்கன்னு சொன்னீங்களே."

"இருக்கட்டும், என்ன அவசரம்? நீ நேரத்தோட கிளம்பு, படிக்கணும்ல?"

ஜெகதீசனின் நாற்காலியை இழுத்து, வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டு அவள் உட்கார்ந்துகொண்டாள். செவ்வந்தி படிவத்தை ஜன்னல் மேடையில் வைத்து, பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு படியில் இறங்கி நின்றாள். கிளம்பும்போது சொல்ல அவளுக்குத் தெரிந்தது ஒரே சொல்தான். ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததும் அதுதான். அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. இன்னொன்றை எந்த வீட்டு வாசலிலும் சொல்லக் கூடாது.

"சொல்லிட்டுப் போ கண்ணு" என்றாள் உமாமகேஸ்வரி, தெருவிலிருந்து பார்வையை எடுக்காமல்.

செவ்வந்தி தலையை மட்டும் ஆட்டினாள். அவள் அதைப் பார்க்கவில்லை.